மிசிசிப்பி முதல் தென்பெண்ணை வரை



ஓசூரிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடியைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. சாலையோரப் பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது. சரக்கு வண்டிகளை நிறுத்தி, ஏற்றி வந்த பொருள் யாது என்று கேட்டறிவதற்கு நெடுங்காலமாகவே இவ்வெல்லையில் சாவடிகள் இருந்து வந்திருக்கின்றன. ஆனால் இதே எல்லையை, ஒரு சாவடியிலும் நில்லாமல், எந்தச் சீட்டும் காட்டாமல், நாள்தோறும் கடந்து வரும் பயணி ஒன்று உண்டு. அதுதான் தென்பெண்ணையாறு.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறத்தைத் தழுவி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டினுள் நுழைந்து, ஓசூருக்கு அண்மையிலுள்ள கெலவரப்பள்ளி அணையையும், 1950களில் கட்டப்பெற்ற கிருஷ்ணகிரி அணையையும், அதற்கப்பால் சாத்தனூர் அணையையும் நிரப்பிவிட்டுக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது இவ்வாறு. கன்னடத்தில் இதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெருநகரத்தின் கழிவு நீரைத் தாங்கும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிகாலும் இதில்தான் வந்து சேருகிறது. 2015 ஆம் ஆண்டில் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றி எரிந்ததை உலகமே வியப்போடும் வேதனையோடும் பார்த்தது. கெலவரப்பள்ளி அணையின் மதகுகளுக்குக் கீழே பனிமலை போல் நுரை எழுந்து நிற்பதை ஓசூர் மக்கள் பல முறை கண்டிருக்கிறார்கள்.

நுரை கண்ணுக்குத் தெரிகிறது. ஆகையால் அதைப் பற்றிப் பேசுகிறோம். கண்ணுக்கு எளிதில் தெரியாத வேறு சிலவும் ஏரிக்கு ஏரி, ஆற்றுக்கு ஆறு இடம் மாறுகின்றன. அவற்றுள் ஒன்று பிளாஸ்டிக். மற்றொன்று, அயல்நாட்டிலிருந்து வந்து நம் நீர்நிலைகளில் குடியேறும் ஓர் ஆமை. மூன்றாவது, அந்த ஆமையின் உடலுக்குள்ளே மறைந்து வரும் ஒட்டுண்ணி. இம்மூன்றின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. அந்த வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

ஆமை தமிழருக்குப் புதிய பிராணியன்று. பொய்கையில் தாயின் முகத்தை நோக்கியே வளரும் ஆமைக் குஞ்சை ஐங்குறுநூற்றுப் புலவர் பாடினார். ஐம்பொறிகளையும் அடக்கியாளும் அறிவுக்கு வள்ளுவர் எடுத்துக்காட்டிய உவமையும் ஆமையே. நம் ஏரிகளிலும் குளங்களிலும் பாலாமையும் கறுப்பு ஆமையும் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றன. காவிரி போன்ற தென்னாட்டுப் பேராறுகளில் லெய்த் மென்னோட்டு ஆமை என்னும் அரிய இனம் ஒன்று இருக்கிறது. உலகில் முற்றிலும் அழிந்துபோகும் அபாயத்தின் விளிம்பில் நிற்பவற்றுள் அதுவும் ஒன்று. அதனையும், நீர்நாய், சதுப்பு நில முதலை, நாற்கொம்பு மான் முதலியவற்றையும் காக்கும் பொருட்டு, 2022 ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆகவே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு புறம் ஆலைகளும் பெருநகரக் கழிவும், மறு புறம் உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஆமையும் அருகருகே இருக்கின்றன. அயல்நாட்டு ஆமையின் கதை நமக்கு ஏன் வேண்டும் என்று கேட்பவருக்கு இதுவே விடை.

அந்த அயலாமையின் பெயர் சிவப்புக்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால், காது இருக்க வேண்டிய இடத்தில், குங்குமக் கீற்று இட்டாற்போல் ஒரு சிவப்புப் பட்டை இருப்பதால் இப்பெயர் வந்தது. அதன் தாயகம் வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆங்கே அது பல்லாயிரம் ஆண்டுகளாகத் தன் பகைவரோடும் தன் இரையோடும் இசைந்து வாழ்ந்து வந்தது. அதன் ஊரில் அது ஒரு குற்றமும் செய்யவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கடைகளில் ஒரு விளையாட்டுப் பொருள் பெருவழக்காயிற்று. ஒரு சிறிய பிளாஸ்டிக் தொட்டி. அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம். அதன் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய, பச்சை நிறமான, உயிருள்ள ஆமைக் குஞ்சு. குழந்தைகள் ஆசைப்பட்டார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள். தேவை மிகுந்ததால் லூயிசியானா மாநிலத்தில் ஆமைப் பண்ணைகள் தோன்றின. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிளாஸ்டிக்கும் இந்த ஆமையும் ஒரே கடைப் பலகையிலிருந்து, ஒரே காலத்தில், ஒரே வணிகத்தின் இரட்டைக் குழந்தைகளாக உலகத்திற்கு வந்தன எனலாம்.

சில ஆண்டுகளில் மருத்துவர்கள் ஒரு செய்தியைக் கண்டறிந்தார்கள். ஆமை வளர்த்த வீடுகளில் குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன. ஆமையின் குடலில் அதற்குத் தீங்கு செய்யாமல் வாழும் சால்மொனெல்லா என்னும் கிருமியே அதற்குக் காரணம். தொட்டி நீரில் கையை விட்ட குழந்தை அக்கையை வாயில் வைத்தால் நோய் பற்றும். எனவே 1975 ஆம் ஆண்டில், ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புப் பிராணியாக விற்கலாகாது என்று அமெரிக்க அரசு தடை விதித்தது. குழந்தை வாயில் வைத்துக் கொள்ளக்கூடிய அளவினைக் கருதியே 4 அங்குலம் என்று வரையறுத்தார்கள்.

தடை நல்லதே. ஆனால் அதில் ஒரு வாயில் திறந்தே கிடந்தது. உள்நாட்டில் விற்கக் கூடாதாயினும், வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. பண்ணைக்காரர்கள் கடல் கடந்த சந்தைகளை நாடினார்கள். 1980களின் இறுதியில் நிஞ்சா ஆமைகள் என்ற கேலிச்சித்திரக் கதை பல நாட்டுச் சிறுவர்களைக் கவர்ந்தது. ஆமைக்குக் கிராக்கி ஏறியது. 1989 முதல் 1997 வரையிலான காலத்தில் மட்டும் ஐந்து கோடியே இருபது இலட்சம் ஆமைகள் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி ஆயின. 1997 இல் ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியம் இறக்குமதியை நிறுத்தியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. உலகின் மிகக் கொடிய அயல் ஊடுருவல் உயிரினங்கள் நூறு என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சார்பில் வெளிவந்த பட்டியலில் இந்த ஆமையும் இடம்பெற்றது.

கையடக்கமான குஞ்சு எவ்வாறு கொடிய உயிரினம் ஆயிற்று? அதற்கு விற்பனையாளர் சொல்லாத ஓர் உண்மை காரணம். நாணயம் போலிருந்த குஞ்சு சில ஆண்டுகளில் உணவுத் தட்டின் அளவுக்கு வளர்ந்துவிடும். இருபது, முப்பது ஆண்டுகள் உயிரோடிருக்கும். நாளுக்கு நாள் தீனி மிகும், தொட்டி நாறும். வளர்த்தவருக்குக் கொல்ல மனம் வருவதில்லை. அருகிலுள்ள ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடுகிறார். உயிருக்கு விடுதலை கொடுத்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்புகிறார். இரக்கத்தினால் செய்த செயல்தான். ஆயினும் அதன் பயனை அனுபவிப்பது அந்தக் குளத்து உயிர்கள்.

விடப்பட்ட ஆமை எதையும் தின்னும்: பாசி, நீர்ச்செடி, தவளைக் குஞ்சு, மீன், நத்தை, அழுகிய பிணம். ஒரு பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடக் கூடியது. ஆமைகள் உடலை வெப்பப்படுத்திக்கொள்ள வெயில் காய வேண்டும். வெயில் காய்வதற்குரிய பாறையையும் மரக்கட்டையையும் பெரிய அயலாமை பிடித்துக்கொண்டால், உள்ளூர் ஆமை நீருக்குள்ளேயே கிடந்து நலியும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இவ்வாறு நிகழ்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்தியாவுக்கும் இது வந்து சேர்ந்தது. குவாஹாத்தி நகரின் உக்ரதாரா கோயில் குளத்தில் இது காணப்பட்டது. கேரளத்தின் திருச்சூருக்கு அருகே, கால்வாயில் தூண்டில் போட்ட ஒரு சிறுவனின் கையில் இது அகப்பட்டது. பெங்களூர் நகரின் ஏரிகளிலும் இது பதிவாகியுள்ளது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஆமைகளை ஒப்படைக்குமாறு பொதுமக்களை வேண்டிப் பிடித்துச் சேகரிக்கலாயிற்று. சென்னை விமான நிலையத்தில், கீழை நாடுகளிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஆயிரக்கணக்கான ஆமைக் குஞ்சுகளைச் சுங்க அதிகாரிகள் பிடித்த செய்தி 2024 ஆம் ஆண்டிலும் வந்தது. நாட்டில் எங்கோ அவற்றை வாங்குவோர் இருப்பதால்தானே கடத்துவோர் இருக்கிறார்கள்?

பெங்களூரின் ஏரியில் விட்ட ஆமை பெங்களூரிலேயே இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? ஏரிகள் சங்கிலி போல் கோத்தவை. ஒன்று நிறைந்து வழிந்தால் மற்றொன்று, கடைசியில் ஆறு. முன்னோர் பாசனத்திற்காக அமைத்த அந்த அருமையான ஏரிச் சங்கிலியே இன்று நுரைக்கும் பிளாஸ்டிக்குக்கும் அயல் உயிருக்கும் வழியாக அமைந்திருக்கிறது. பெங்களூரிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே.

இனி, ஆமையின் உடலுக்குள் வரும் விருந்தாளியைப் பார்ப்போம். எந்த உயிரும் தனியே பயணம் செய்வதில்லை. தன் ஒட்டுண்ணிகளையும் சுமந்தே செல்கிறது. தாயகத்தில், ஒட்டுண்ணியும் ஓம்புயிரும் நெடுங்காலம் பழகியவை. ஓம்புயிரை அடியோடு அழித்தால் தனக்கும் வாழ்விடம் இல்லை என்பதால், ஒட்டுண்ணியின் கொடுமையும் ஓம்புயிரின் எதிர்ப்பும் ஓர் அளவில் நிலைபெற்றுவிடுகின்றன. புதிய நாட்டில், பழக்கமில்லாத ஓம்புயிரில் அது புகுந்தால் அந்தச் சமநிலை இல்லை.

ஆமையின் இரத்தக் குழாய்களில் வாழும் தட்டைப்புழு ஒன்று உண்டு. அதன் முட்டைகள் ஆமையின் குடல் வழியே நீரில் விழும். அவற்றிலிருந்து வரும் இளம் உயிர் ஒரு நத்தையினுள் புகுந்து பெருகும். பின்னர் நத்தையை விட்டு வெளிப்பட்டு நீந்தி, மற்றோர் ஆமையின் தோலைத் துளைத்து உட்செல்லும். ஸ்பெயின் நாட்டின் வடமேற்குப் பகுதியான கலீசியாவில், அங்கே இயல்பாக வாழும் குளத்தாமைகளிடையே இப்புழுவினால் கடும் நோய் பரவிற்று. அயலாமையிலிருந்து உள்ளூர் ஆமைக்கு அது தாவியிருக்கக் கூடும் என்று 2015 இல் வெளியான ஆய்வு கூறிற்று. பல நாட்டு ஆமைகளை ஒரே தொட்டியில் அடைத்து வைக்கும் இடங்களில் ஒட்டுண்ணிகள் இனம் விட்டு இனம் தாவுவதை 2011 இல் வெளியான மற்றோர் ஆய்வு எடுத்துக்காட்டியது. தாவுதல் ஒரு திசையில் மட்டும் நிகழ்வதன்று. ஸ்பெயினின் தென்மேற்கில், உள்ளூர் ஆமைக்குரிய உருளைப்புழுக்கள் அமெரிக்க ஆமையின் குடலில் குடியேறியிருந்தன. அவ்வாறு குடியேறினால், உள்ளூர்ப் புழுவுக்கும் பெருகுவதற்குப் புதியதொரு வீடு கிடைத்துவிடுகிறது.

இதே வரலாறு எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கா நமக்கு ஆமையை அனுப்பியது போல், ஆசியாவின் பர்மிய மலைப்பாம்பு வளர்ப்புப் பிராணியாக அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கும் வளர்ந்து பெரிதானதும் கைவிட்டார்கள். புளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ்சதுப்பு நிலத்தில் அது பல்கிப் பெருகிற்று. 2012 இல் வெளியான ஆய்வு ஒன்று, அங்கே ரக்கூன் என்னும் விலங்கு கண்ணில் படுவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைந்துவிட்டது என்று காட்டிற்று. அப்பாம்பின் நுரையீரலில் வாழும் ஆசிய ஒட்டுண்ணி ஒன்றும் உடன் சென்றது. பூச்சி, தவளை, பல்லி வழியாக அது புளோரிடாவின் சொந்தப் பாம்புகளுக்குள் நுழைந்தது. மலைப்பாம்பு சென்றிராத இடங்களிலும் அவ்வொட்டுண்ணி பரவி, சிறிய உள்ளூர்ப் பாம்புகளைக் கொல்வதைப் பின்னர் கண்டார்கள். பாம்பைக் காட்டிலும் அதன் புழு வேகமாக நாடு பிடித்தது!

அந்த மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க, 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புளோரிடா அரசின் வனவிலங்குத் துறையும் அங்குள்ள பல்கலைக்கழகமும் அழைத்தது யாரைத் தெரியுமா? செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர்கள் இருவரை. 1978 இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் மரபில் வந்தவர்கள் அவர்கள். புல்லின் சாய்விலும் மண்ணின் தடத்திலும் பாம்பைப் படிக்கத் தெரிந்தவர்கள். இரண்டு வாரம் கழிவதற்குள்ளாக 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. 2023 இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அயல் உயிரை அடையாளம் காண்பதற்கு முதலில் வேண்டியது இயந்திரமன்று, கூர்ந்து நோக்கும் கண் என்பதை அவர்கள் உலகுக்குக் காட்டினார்கள்.

இப்பொழுது பிளாஸ்டிக்குக்கு வருவோம். கடலாமை பிளாஸ்டிக் பையைச் சொறிமீன் என்று எண்ணி விழுங்குவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண் மட்டுமே ஏமாறுவதில்லை. நீரில் சில நாள் மிதந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் நுண்ணுயிரும் படிகின்றன. அதன் வாசனை உணவின் வாசனை போலவே ஆமையை ஈர்க்கிறது என்று 2020 இல் வெளியான சோதனை காட்டிற்று. விழுங்கிய பிளாஸ்டிக் செரிப்பதில்லை. குடலை அடைக்கும்; புண்ணாக்கும்; வயிறு நிறைந்தது போன்ற பொய் உணர்வைத் தந்து ஆமையைப் பட்டினி போடும்.

கடலாமைகள் ஏழு இனம். ஏழிலும் இக்கேடு பதிவாகியிருக்கிறது. ஆனால் கடலில் வாழாத ஆமை இனங்கள் 352; அவற்றுள் ஐந்தில் மட்டுமே பிளாஸ்டிக் உண்டதற்குப் பதிவு இருந்தது என்று 2021 இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. ஏரியாமைகள் பிளாஸ்டிக் தின்னுவதில்லை என்பதா இதன் பொருள்? அன்று. அவற்றின் வயிற்றைப் பார்த்தவர் குறைவு என்பதே பொருள். அந்த ஆய்வாளர்களே 65 நன்னீராமைகளின் குடலைச் சோதித்தபோது, நூற்றுக்கு 7.7 பங்கு, அதாவது ஐந்து ஆமைகள், பிளாஸ்டிக்கை விழுங்கியிருந்தன. கண்ணால் பார்த்துப் பிளாஸ்டிக் என்று நினைத்தவற்றுள் சில, ஒளிச்சிதறல் கருவியால் சோதித்தபோது வெறும் இயற்கைப் பொருளே என்று தெரிந்தது. சோதியாமல் எண்ணியிருந்தால் கணக்கு உண்மைக்கு மேல் உயர்ந்திருக்கும். குற்றஞ்சாட்டும்போதும் அளந்து சாட்ட வேண்டும் என்னும் விஞ்ஞான நேர்மைக்கு இது நல்ல பாடம்.

ஊர் விட்டு ஊர் வந்த உயிரின் வயிற்றைச் சோதிப்பதில் ஒரு பயன் உண்டு. நம் ஆமையைக் கொன்று பார்க்க இயலாது, கூடவும் கூடாது. ஆனால் ஏரியிலிருந்து எப்படியும் அகற்றப்பட வேண்டிய அயலாமை அதே நீரைக் குடித்து, அதே குப்பையின் நடுவே மேய்ந்தது. அதன் குடல், அந்த ஏரியின் நிலையைச் சொல்லும் ஏடு. அதில் பிளாஸ்டிக் இருந்தால், பக்கத்தில் நீந்தும் பாலாமைக்கும் அதே ஆபத்து. அதில் புதிய புழு இருந்தால், பாலாமைக்கு நாளை வரப்போகும் நோய் இன்றே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2019 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டன; 2021 இறுதியில் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கம் தொடங்கிற்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்டபோது, அயல் ஊடுருவல் உயிரினங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் முதன்முறையாக அதில் சேர்க்கப்பட்டது. சட்டம் எல்லைச் சாவடியைப் போன்றது. சாலையில் வருவதை நிறுத்தும். ஆற்றில் வருவதை நிறுத்த, ஆற்றின் இரு கரையிலும் வாழ்வோர் ஒன்றுபட வேண்டும். பெங்களூர் வீட்டுத் தொட்டியும் கிருஷ்ணகிரி வயல் வாய்க்காலும் ஒரே நீரால் இணைந்தவை என்பதை இரு மாநிலத்தாரும் உணர வேண்டும்.

மாணவர்களாகிய உங்களால் ஆகக்கூடியது யாது? ஆமைக் குஞ்சை விலைக்கு வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்தால், எக்காரணம் பற்றியும் குளத்தில் விடாதீர்கள். வனத்துறையிடம் கேட்டு அவர்கள் கூறும் இடத்தில் ஒப்படையுங்கள். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஏரிக்கரையில் ஆமையைக் கண்டால், அயலாமை என்று ஐயுற்று அதனை அடித்து விடாதீர்கள். கண்ணுக்குப் பின் சிவப்புப் பட்டை உண்டா என்று பாருங்கள். முதிர்ந்த ஆணில் அந்நிறம் மங்கிவிடவும் கூடும். பின்னங்கால்களை மூடும் தோல் மடிப்பு இருந்தால் அது நம் பாலாமை. அதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து, வனத்துறைக்கும் உங்கள் விலங்கியல் ஆசிரியருக்கும் தெரிவியுங்கள். ஓர் ஏரியின் வரலாறு இத்தகைய குறிப்புகளிலிருந்துதான் எழுதப்படுகிறது.

சிவப்புக்காது ஆமை தானாக எழுந்து இந்நாட்டின் மேல் படையெடுத்து வரவில்லை. மனிதன் அதைப் பண்ணையில் பெருக்கினான், பெட்டியில் அடைத்தான், விற்றான், வாங்கினான், சலித்தபோது எறிந்தான். பிளாஸ்டிக் பைக்கு அவன் செய்ததும் அதுவே. எறிந்தவுடன் பொருள் மறைந்துவிடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். ஆறு அவ்வாறு எண்ணுவதில்லை. மேட்டூரார் எறிந்ததைப் பள்ளத்தூராரின் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டே அது கடலுக்குப் போகிறது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் பெங்களூருக்குப் பள்ளத்தூர். நமக்கும் கீழே திருவண்ணாமலையும் விழுப்புரமும் கடலூரும் இருக்கின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது.